இருபது டிகிரி

டெவலப்பர் டப்பாவில் அச்சடித்திருக்கிறது: இருபது டிகிரி.
கேத்தி பாலாடாவில், தை மாதக் குழாய்த் தண்ணீருக்கு
ஒன்பதுக்கு மேல் ஏறத் தெரியாது.
கீழே, கோயம்புத்தூரில், ஐஸ்கட்டி போட்டுக் குளிர்விப்பார்களாம்.
நான் டிரேயை வெந்நீர் அண்டாவின் மூடிமேல் ஏற்றி
விரல் விட்டுப் பார்க்கிறேன்.
விரல் விடாதே என்றும் அதே டப்பாவில் இருக்கிறது.

வாடகைக் குளியலறை.
ஜன்னலுக்குக் கறுப்பு ரெக்சின், கதவிடுக்குக்குக் கிழிந்த ஸ்வெட்டர்.
வெளியே நிற்கிற பனிக்கும்,
அழைக்காமல் நுழைந்து பேப்பரைச் சாம்பலடிக்கிற வெளிச்சத்துக்கும்
இங்கே ஒரே பெயர்தான், ஃபாக்.
இரண்டும் ஸ்வெட்டரின் அதே ஓட்டைக்குத்தான் அலைகின்றன.
சிவப்பு சேஃப்லைட் மட்டும் வீட்டாள்;
பேப்பர் அதைக் கண்டுகொள்வதில்லை.

என்லார்ஜரில் நெகடிவ் தலைகீழாக:
காரட் கழுவும் யார்டு, இரவு இரண்டு மணி.
நானூறு ஃபிலிம், அபெர்ச்சர் முழுக்கத் திறந்து,
நொடியில் பதினைந்தில் ஒரு பங்கு.
டிரம் சுழன்றதில் காரட்டெல்லாம் ஒரே இழுப்பாகிவிட்டன.
செபமாலை மட்டும் அசையவில்லை,
பீடி பற்றவைத்துக்கொண்டிருந்தான்.
நெகடிவில் அவன் பல் கறுப்பு, இரவு கண்ணாடி,
தீக்குச்சி நெருப்பு ஒரு மைப்பொட்டு.

டெஸ்ட் ஸ்டிரிப்: ஐந்து, பத்து, பதினைந்து, இருபது.
ஐந்தில் அவன் இன்னும் வந்துசேரவில்லை.
இருபதில் போய்விட்டான்.
பன்னிரண்டு நொடி கொடுத்தேன்.
சைக்கிள் கம்பி முனையில் மாத்திரை அட்டையை வட்டமாக வெட்டி ஒட்டி
முகத்துக்கு மட்டும் மூன்று நொடி நிழல் பிடித்தேன். டாட்ஜிங்.
ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும்,
கை நின்றால் நிழலின் விளிம்பு காட்டிக்கொடுத்துவிடும்.

பேப்பரை டெவலப்பரில் நழுவவிட்டு எண்ணத் தொடங்கினேன்.
இருபதில் கதவு.
மூன்று வாரமாக இடக்கைத் தட்டு.
"திறக்காதே!"
"அக்கா, எடைச்சீட்டு."
"இருபத்தொன்று. இருபத்திரண்டு."
வெளியே கொஞ்சம் யோசனை.
பிறகு மூட்டை ஏற்றுகிற ராகத்தில் அவன் குரலும் சேர்ந்துகொண்டது,
இருபத்திமூணு, இருபத்திநாலு.
டிரம் வந்தது. தோள் வந்தது.
ஐம்பதில் குவிந்த உள்ளங்கை.
அதற்குள் நெருப்பு வரவேயில்லை,
அந்த இடம் வெறும் பேப்பர், ஒன்றும் படாத வெள்ளை.
நூற்றிருபதில் நிறுத்தினேன்.
"எந்த லாரிக்கு?" என்றான்.

ஸ்டாப் பாத், முப்பது நொடி, புளித்த வாடை.
ஃபிக்ஸர், ஐந்து நிமிடம்; அதுவரை அவன் பனியில்.
விளக்கைப் போட்டுக் கதவைத் திறந்து
பிரிண்டைக் குழாயடியில் வைத்தேன். இனி ஒரு மணி நேரம்
தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும்.
"ஒரு டன் காரட்டே இருபது நிமிஷம்.
அப்படி என்ன அழுக்கு இதுல?"
ஹைப்போ, என்றேன். கண்ணுக்குத் தெரியாது.
தங்கிவிட்டால் பத்து வருஷத்தில் படம் பழுத்துவிடும்.

அவன் காதில் விழவில்லை.
தண்ணீருக்கடியில் தன் முகத்தைத் தாண்டி
டிரம்மின் ஓரத்தில் நின்றுவிட்டது பார்வை.
கட்டுப்போட்ட வலக்கையை நீட்டினான், தொடவில்லை.
"பெல்ட் அன்னிக்கே தொங்கியிருக்கு பாருங்க.
நான்தான் கையை விட்டேன்னு சொன்னாங்க."
தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.
"எப்போக்கா காயும்?"