தாமதத்தின் காரணம்

மைலானியில் எங்களுக்கு முன்னே
பனி ஏறி உட்கார்ந்திருந்தது.
சால் மரங்களை வெட்டி ஏற்றப் போட்ட பாதை.
இன்று, வெட்ட விடாத அதே காட்டுக்குள்
மீட்டர் அகலத்தில்
தயங்கித் தயங்கிப் போகிறது,
சைக்கிளை முந்தினால் அபராதம் என்பதுபோல.

சால். பிறகு நாணல். பிறகும் சால்.
ஒவ்வொரு கரையான் புற்றும் ஒரு நொடி கரடி.
பெட்டியில் புலி பார்க்க வந்தவன் நான் ஒருவன்தான்.
மற்றவர்களுக்கு நான்பாராவில்
சந்தை, வழக்கு, பல்வலி.
எதிரே ஒரு கல்யாணக் கோஷ்டி:
மஞ்சள் தலைப்பாகையில் மாப்பிள்ளை லல்தா,
அவன் தோளில் வாய் பிளந்து தூங்கும் டிரம்பெட்காரன்.

பிச்சியா தாண்டி வண்டி நின்றது.
ஹாரன் இல்லை.
செய்தி பெட்டி பெட்டியாக வந்தது, வரும்போதே வளர்ந்தது:
முதல் பெட்டியில் பாம்பு,
மூன்றாவதில் மலைப்பாம்பு,
எங்களிடம் வந்து சேர்ந்தபோது
மானை விழுங்கியிருந்தது.

இறங்கிப் போனோம்.
பனி விலகி, வெயிலில் சூடேறிய இரும்பின் மேல்
அது தன் நடுவயிற்றை வைத்திருந்தது.
இரண்டு தண்டவாளத்தையும் தாண்டி
இருபுறப் புல்லிலும் மிச்சம் கிடந்தது.
தலை எந்தப் பக்கம் என்பதில் இரண்டு கட்சி.

"ஒரு பாட்டு ஊதினால் போய்விடும்" என்றான் டிரம்பெட்காரன்.
"அதுக்கு ஏது காது?" என்றாள் ஜுக்னி ராணா,
தன் புல்லுக்கட்டின் மேல் உட்கார்ந்து
வேர்க்கடலை உடைத்துக்கொண்டு.
"வெயில் போனா போகும்."
லல்தா வெயிலைப் பார்த்தான்.
முகூர்த்தம் வெயிலுக்கும் தெரியாது.

கார்டு இஷ்தியாக் சிவப்புக் கொடியை ஜல்லியில் நட்டு
அதற்கு இப்பால் எங்களை நிறுத்தினார்.
யாரோ தோல் செருப்பு எவ்வளவு வருமென்று கணக்குப் போட,
அவர் திரும்பிப் பார்த்தார். கணக்கு நின்றது.

மாப்பிள்ளை என்னிடம் மெல்ல:
"சொன்னால் அவள் நம்புவாளா?"
போட்டோ எடுத்துக்கொள் என்றேன்.
எடுத்தான், தலைப்பாகையைச் சரிசெய்து
தானும் அதில் விழும்படி.

பிறகு, எப்போது தொடங்கியதென்று எவரும் பார்க்கவில்லை,
அது போய்க்கொண்டிருந்தது.
உடம்பு அசையவில்லை.
தோலில் இருந்த திட்டுகள் மட்டும்
ஒன்றன் இடத்துக்கு ஒன்று வந்தன.
ஜுக்னிகூட கடலையை நிறுத்தியிருந்தாள்.
கடைசி முழம் இறங்கிய பிறகும்
தண்டவாளத்தில் கொஞ்ச நேரம்
ஈரம்போல ஒரு மினுக்கம்.

ஐம்பத்திரண்டு நிமிடம்.
பதிவேட்டில் 'காரணம்' என்ற கட்டத்தில்
இஷ்தியாக்கின் பேனா தயங்கியது.
எட்டிப் பார்த்தேன்.
'குறுக்கே வந்த வண்டிக்கு வழி விட்டது'
என்று எழுதி,
வண்டி எண் கட்டத்தைக்
காலியாக விட்டிருந்தார்.