மறைவெப்பம்

இரவு பதினொன்றுக்குத்தான் ஊற்றுவோம்.
பகலென்றால் கொள்ளுப்பிட்டி வெயில்
லொறிக்குள்ளேயே இறுக்கிவிடும்.
முகத்துவாரத்திலிருந்து ஐஸ் வருகிறது,
மீன்வாடிக்குப் போகும் அதே ஐஸ்.
கட்டடம் எழும்பினால்
முதலில் பூனைகள்தான் குடிவரும் என்கிறான் முஸம்மில்.

என் வேலை வெப்பமானி.
லொறிக்கு ஒருதரம் கொங்கிரீட்டில் குத்திப் பார்த்து
முப்பத்திரண்டு பாகைக்கு மேலென்றால்
திருப்பி அனுப்பவேண்டும்.
ஒன்பது மாதத்தில் இரண்டைத் திருப்பியிருக்கிறேன்.
இரண்டு சாரதிகளும் என்னோடு கதைப்பதில்லை.

காய்கிறது என்றே எல்லாரும் நினைக்கிறார்கள்.
காய்வதில்லை.
தண்ணீரைக் குடித்துத்தான் கல்லாகிறது,
தண்ணீருக்கடியில் போட்டாலும் இறுகும்.
இறுகும்போது சுடும்.
மூன்றாம் நாள் தூணின் நெஞ்சுக்குள் எழுபது பாகை;
வெளியே கைவைத்தால்
காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றி.

செட்டியார் தெருவில் பொன்
இவ்வளவு நேரம் எடுக்கவில்லை.
அம்மாவின் கொடியும் காப்பும் மூசைக்குள் போனபோது
எது கொடி, எது காப்பு,
எது எனக்கென்று சொன்னது, எது வதனிக்கு,
ஒன்றும் தெரியவில்லை.
ஒரேயொரு சிவந்த சொட்டு ஆடிக்கொண்டிருந்தது.
அச்சில் ஊற்றினார்கள்.
இரண்டு கட்டி.
ஒன்று அரைக் கிராம் கூட என்றது தராசு.

அரைக் கிராம்.
ஒரு கறிவேப்பிலை ஈர்க்கின் பாரம்.
அந்த மாதமே வதனி
வத்தளைக்கு வீடு மாறினாள்.

உருகிய மெழுகில் வெப்பமானியை நட்டுப் பாருங்கள்.
இறங்கி இறங்கி வந்து
ஐம்பத்தாறில் நின்றுவிடும்.
பத்து நிமிடம் அசையாது.
ஒன்றும் நடக்கவில்லை என்பீர்கள்.
உள்ளிருந்த சூடெல்லாம்
அப்போதுதான் வெளியேறிக்கொண்டிருக்கும்.

வதனியும் நானும்
பதினான்கு மாதமாய் ஐம்பத்தாறில்.

மூன்று மணிக்குக் கொட்டிலுக்குள் போனேன்.
யாரோ ஏசியைப் பதினெட்டில் விட்டிருந்தார்கள்.
என் பைக்குள் தேங்காயெண்ணெய்ப் போத்தல்
வெள்ளையாய், கல்லாய்.
பிறந்தது கொட்டாஞ்சேனை, வயது முப்பத்தாறு,
தேங்காயெண்ணெய் உறைந்து நான் கண்டதில்லை.
நுவரெலியா போய் வந்தவர்கள்
சொல்லக் கேட்டதோடு சரி.
கவிழ்த்துப் பார்த்தேன்.
விழவில்லை.

பொத்திக்கொண்டு வெளியே வந்து நின்றேன்.
கடற்காற்றே இருபத்தொன்பது இருக்கும்.
முதலில் விரல் பட்ட இடங்களில் மட்டும்
ஐந்து கோடுகள் கண்ணாடியாயின.
பிறகு நடுவிலிருந்த வெள்ளைக் கட்டி
சுவரை விட்டுக் கழன்று
மெல்ல அடிக்கு இறங்கியது.

மற்றக் கையில் போன்.
'வ' வரைக்கும் போயிருந்தேன்.

“மிஸ், ஒன்பதாவது லொறி!”
பியசேன பாஸ் கத்துகிறார்.
போத்தலைக் காற்சட்டைப் பைக்குள் போட்டு
ஓடிப்போய்க் குத்தினேன்.
முப்பத்தொன்று தசம் எட்டு.

ஊற்றலாம் என்றேன்.