பயனாளியின் கைரேகை

மூன்றாம் முறையாகத் திரும்பி வந்திருக்கிறது பில்.
கூடலூரிலிருந்து ஊட்டிக்கு ஏறி
ஊட்டியிலிருந்து சென்னைக்கு இறங்கி
அங்கே யார் மேசையிலோ ஒரு மழைக்காலம் முழுக்கப் படுத்திருந்துவிட்டு
பச்சை மையில் ஒற்றை வரியோடு வந்திருக்கிறது:
'பயனாளியின் கைரேகை இணைக்கப்படவில்லை.'

முதல் முறை வாய்தா விவரம் கேட்டார்கள்.
பதினான்கு வாய்தா. எழுதிக் கொடுத்தேன்.
இரண்டாம் முறை, அதில் மூன்று நாள்
நடுவர் விடுப்பு, ஆகவே கட்டணம் கிடையாது என்றார்கள்.
விடுப்பு நடுவருக்கு.
நான் வந்திருந்தேன்,
நாடுகாணியில் மண் சரிந்த அன்று
நின்றுபோன லாரிகளுக்கு நடுவே
செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு.

ஊட்டியைக் கேட்டால் பணம் சென்னை தரவேண்டும்.
சென்னையைக் கேட்டால்
ஊட்டி அனுப்பிய கணக்கில் கூடலூரே இல்லை.
சட்டப்பணிக் குழு எழுத்தர் பிலோமினா
சொந்தக் காசில் தபால்தலை ஒட்டுகிறாள்.
அதைத் திருப்பிக் கேட்க ஒரு படிவம் உண்டாம்.
அதை அனுப்பவும் தபால்தலை வேண்டும்.

வழக்கு என்று பெரிதாக ஒன்றுமில்லை.
அரைக் கிலோ கறி, ஓர் அலுமினியச் சட்டி.
காட்டுப்பன்றி என்றது வனத்துறை.
பாதி வெந்த இறைச்சி, இனம் கூற இயலவில்லை
என்றது ஆய்வுக்கூடம்.
'வேகுறதுக்குள்ள வந்துட்டாங்க'
என்றான் வெளுக்கன்.
கிளைச் சிறையில் அவன் சொன்ன முழு வாக்குமூலமும் அதுதான்.

ரேஞ்சர் ஆபீசில் கொடுத்ததாகச் சொன்ன
இன்னொரு வாக்குமூலத்தை அவனுக்கு வாசித்துக் காட்டினேன்.
'மேற்படி நபராகிய நான்
மேற்படி விலங்கினைச் சுருக்கு வைத்துப் பிடித்து...'
கவனமாகக் கேட்டான்.
'யாரு அந்த மேற்படி?
அவனைப் பிடிச்சிட்டாங்களா?'
அடியில் இருந்த ரேகை மட்டும் அவனுடையது.

அன்று அவனிடம் சொன்னேன்.
பணியர் பேச்சு எனக்குச் சரியாக வராது,
அதனால் இரண்டு தடவை சொன்னேன்:
இனி எந்தத் தாளிலும் கை வைக்காதே.
யார் கேட்டாலும்.
நல்லவங்க மாதிரி தெரிஞ்சாலும்.

விடுதலை ஆகி எட்டு மாதம்.
தேவாலாவில் பஸ் ஏறி, பந்தலூரில் மாறி,
சேரம்பாடி தாண்டி இறங்கி,
அட்டை கடித்த காலோடு
இஞ்சிக் காட்டின் வரப்பில் நின்றேன்.
பைக்குள் ரசீது, மைப்பெட்டி,
துடைக்க ஒரு துண்டு.

தூரத்திலேயே என்னைத் தெரிந்துகொண்டு சிரித்தான்.
மைப்பெட்டியை எடுத்தேன்.
சிரிப்பு அப்படியேதான் இருந்தது.
கைகள் மட்டும் மெதுவாக
முதுகுக்குப் பின்னால் போய்விட்டன.

இது என் சம்பளத்துக்கு, என்றேன்.
உனக்காகப் பேசினதுக்கு
கவர்மெண்ட் கொடுக்கணும் இல்லையா.
தலையாட்டினான். முழுக்க ஒப்புக்கொண்டான்.
கை வரவில்லை.
நானே பிடித்து இழுத்திருக்கலாம்.
ரேஞ்சர் ஆபீசில் அப்படித்தான் இழுத்திருப்பார்கள்.

மண்ணைத் தட்டிக்கொண்டு வந்த கெம்பி
தாளைப் பார்க்கவே இல்லை.
'சட்டி வந்திருச்சா வக்கீலம்மா?' என்றாள்.

ஆட்சேபணைக்குப் பதில் எழுதி அனுப்பிவிட்டேன்:
'பயனாளி கைரேகை தர மறுத்துவிட்டார்,
சட்ட ஆலோசனையின் பேரில்.'
பிலோமினா வாசித்துவிட்டு
ஒன்றும் பேசாமல் தபால்தலையை நாக்கில் தொட்டாள்.

சட்டிக்கு ஒரு மனு போட்டேன்.
அதற்குக் கட்டணம் கேட்க
படிவத்தில் கட்டமே இல்லை, நல்லதாய்ப் போயிற்று.
நீதிமன்றப் பொருளறையைத் திறந்து
டார்ச் அடித்துத் தேடினார் உதவியாளர்.
ஐந்து சட்டிகள் இருந்தன.
சீட்டுகளைக் கரையான் தின்றிருந்தது.
எது வெளுக்கனுடையது என்று
அவருக்கும் தெரியவில்லை, எனக்கும்.
ஐந்திலுமே
அடிப்பிடித்திருந்தது.