கரடி வராவிட்டாலும் பணம் வாபஸ் இல்லை

என் ஜீப்பின் பின்பக்கத்தில்
நானே பெயின்ட் வாங்கி எழுதிய வரி அது.
கடைசி எழுத்துக்கு இடம் போதாமல்
ஸ்டெப்னிக்கு அடியில் போய்விட்டது.
படித்துவிட்டுச் சிலர்
அடுத்த ஜீப்பில் ஏறிக்கொள்வார்கள்.
ஏறட்டும்.

இன்றைக்கு ஏறியது பவானியிலிருந்து ஒரு குடும்பம்.
அப்பா, அம்மா, காலேஜ் படிக்கிற மகன்,
ஸ்வெட்டருக்குள் பாதி தூங்கும் சின்னப் பெண்.
"கண்டிப்பா பாத்துரலாங்களா?" என்கிறார் அப்பா,
ஜமுக்காளத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்து
சாயம் போகுமா என்று கேட்கிற குரலில்.
"நீங்க வர்றது கரடிக்குத் தெரியாதுங்களே."
மகன் மட்டும் சிரிக்கிறான்.

கண்டிப்பாகப் பார்த்த காலமும் உண்டு.
குஞ்சப்பனைக்கு மேலே, லாட்ஜின் சமையற்கட்டுக்குப் பின்னால்
தினமும் எட்டரைக்கு
பிளந்த பலா ஒன்று.
பலா முடிந்த மாதங்களில்
அழுகல் வாழைப்பழம், வெல்லத் தண்ணீர், வடைச்சட்டி எண்ணெய்க் கசடு.
போகஸ் லைட்டைப் போட்டதும்
நெஞ்சில் வெள்ளை வளைவோடு நிமிர்ந்து நிற்கும்.
முதுகில் குட்டி.
கைதட்டுவார்கள்.
ஆளுக்கு ஐந்நூறு.
கூட்டிவந்த எனக்கு அதில் நூறு.

வந்தது.
பிறகு நேரத்துக்கு வந்தது.
பிறகு நேரத்துக்கு முன்பே வந்து
சமையற்காரன் கதவைத் திறக்கக் காத்திருந்தது.

ஐப்பசி மழையில் ரோடு சரிந்து
மூன்று வாரம் ஆள் வரவில்லை.
லாட்ஜைப் பூட்டிவிட்டார்கள்.
கரடிக்கு யாரும் சொல்லவில்லை.

லைன் வீடுகளில் மூன்றாவது வீடு.
மருதாயி தண்ணீர் பிடிக்கக் கதவைத் திறந்தபோது
மணி ஐந்துகூட ஆகவில்லை.
கோயம்புத்தூர் பெரியாஸ்பத்திரியில்
முகத்தின் இடது பக்கம் மட்டும்
நாற்பத்தொரு தையல்.

கூண்டு வைத்தார்கள். உள்ளேயும் பலாதான்.
தார்ப்பாய் மூடிய லாரி இறங்கிவந்தபோது
ஜீப்பை ஒதுக்கி வழிவிட்டேன்.
குட்டியைப் பற்றி
இதுவரை நான் யாரையும் கேட்கவில்லை.

மருதாயி இப்போதும் கொழுந்து எடுக்கிறாள்,
துண்டை ஒரு பக்கமாக இழுத்துக் கட்டி.
அந்த நூறு ரூபாய்க் கணக்கு அவளுக்குத் தெரியும்.
எப்படித் தெரிந்தது என்பது
எனக்குத் தெரியாது.

ஜீப்பில் ஒரு தகர டப்பா வைத்திருக்கிறேன்.
முறுக்கு, பிஸ்கட், ஆரஞ்சு மிட்டாய் எல்லாம்
ஏறும்போதே அதற்குள் போய்விட வேண்டும்.
அம்மாவுக்கு வருத்தம்.
எஸ்டேட் ரோட்டின் கடைசித் திருப்பத்தில்
இஞ்சினை அணைக்கிறேன்.
இறங்கக் கூடாது, லைட் கூடாது,
ஏழு மணிக்குமேல் நிற்கவும் கூடாது.
கடைசிச் சட்டம் நான் எனக்குப் போட்டுக்கொண்டது.

மஞ்சு ஏறி வருகிறது.
முதலில் சில்வர் ஓக் மரங்களைக் காணோம்,
அப்புறம் தேயிலையை,
அப்புறம் பானெட்டை.
அப்பா இரண்டு முறை மணி பார்த்துவிட்டார்.

அப்போது, கீழே, உன்னிப் புதருக்குள்ளிருந்து
பூஃப் என்று ஓர் ஊதல்.
மண் சிதறும் சத்தம்.
பிறகு நீளமாக ஓர் உறிஞ்சல்.

"யாரோ மோட்டார் போடறாங்க" என்றார் அப்பா மெதுவாக.
"கறையான்" என்றேன். "சாப்பிடுது."
சின்னப் பெண் முழித்துக்கொண்டாள்.
"ஜூஸ் தீந்தப்புறமும் ஸ்ட்ராவுல இழுக்குது."
அதற்குமேல் சரியாக யாரும் சொல்லிவிட முடியாது.

ஊதல். உறிஞ்சல். ஊதல்.
நான்கு நிமிடம் இருக்கலாம்.
மகன் போனை எடுத்தான்,
கறுப்புத் திரையைப் பார்த்தான்,
திரும்பப் பைக்குள் வைத்தான்.

காற்று திசை மாறியது.
சத்தம் நின்றது.
எங்களை அது மோந்துவிட்டது,
பிடிக்கவில்லை.
ஒரு சுள்ளி முறிந்தது, இன்னொன்று தூரத்தில்,
அவ்வளவுதான்.

"ஆக, பாக்கலை" என்றார் அப்பா.
"பாக்கலைங்க."
"நூறு ரூபா கொறச்சுக்கலாமே?"
பின்னால் எழுதியிருப்பதைப் படிக்கவில்லை போலும்.

லைன் வீடுகளைத் தாண்டும்போது
ஹெட்லைட்டைத் தாழ்த்துகிறேன்.
மூன்றாவது வீட்டுக் கதவில்
குறுக்கே ஓர் இரும்புப் பட்டை.
பின்சீட்டில் சின்னப் பெண்
வளைவுக்கு வளைவு
ஊதுகிறாள், உறிஞ்சுகிறாள்,
சரியாக வரவில்லையென்று
மறுபடியும் ஊதுகிறாள்.