பதிமூன்று அங்குலம்

இக்கிக்கே துறைமுகத்திலிருந்து
கொழுந்தன் ஒராசியோ அனுப்பினான்
கம்பளியில் சுற்றி, மூன்று பேருந்து மாறி
என் சமையலறைக்கு வந்து சேர்ந்தது
எஃகுப் புரொப்பெல்லர்.
குமிழில் பொறித்திருந்தது: 19.
கூடவே ஒரு சீட்டு,
‘ஏரியிலேயே வேகமான அண்ணிக்கு.’

பத்தொன்பது என்றால்,
தண்ணீர் மட்டும் மரக்கட்டையாய் இருந்தால்
ஒரு சுற்றுக்குப் பத்தொன்பது அங்குலம்
திருகாணியாய்த் துளைத்து முன்னே போகும்.
தண்ணீர் மரக்கட்டை இல்லை.
கொஞ்சம் நழுவும், கொஞ்சம் நுரைக்கும்,
மிச்சத்தில்தான் நாம் கரை சேர்கிறோம்.

திங்களன்று மாட்டினேன்.
செவ்வாயன்று தீவில் திருவிழா.
பதினோரு வாத்தியக்காரர்கள், இரண்டு பெரிய மேளம்,
தனக்கென ஓர் இருக்கை கேட்கும் ட்யூபா,
அதைக் கட்டிப்பிடித்தபடி செவேரோ லிமாச்சி.
விசையை முழுக்கத் தள்ளினேன்.
முள் மூவாயிரத்துத் தொள்ளாயிரத்தில்
உட்கார்ந்துவிட்டது, எழவில்லை.
பின்புறம் அமிழ்ந்து
முன்புறம் வானம் பார்த்து
படகு நீரை உழுதது, ஏறவில்லை.
‘இது படகா, ஏணியா?’ என்றான் ட்ரம்பெட்காரன்.
நாங்கள் போய்ச் சேர்வதற்குள்
புனிதர், இசையில்லாமலே
கோவிலை ஒரு சுற்று சுற்றி முடித்திருந்தார்.

அன்றிரவு ரொட்டி சுற்றிய தாளில் கணக்குப் போட்டேன்.
ஐயாயிரத்துக்கும் ஆறாயிரத்துக்கும் நடுவே
முள் நிற்க வேண்டும் என்கிறது கையேடு.
கையேடு எழுதியவர்கள் கடற்கரையில் இருந்திருப்பார்கள்.
தித்திகாகா இருப்பது
மூவாயிரத்து எண்ணூறு மீட்டர் உயரத்தில்.
இஞ்சினின் அறுபது குதிரைகளில்
இருபது, மூச்சு முட்டிப் படுத்துவிடும்.
மீதிக் குதிரைகளிடம் போய்
நீளமாய் எட்டு வை, நீளமாய் எட்டு வை
என்றால்?

ஓர் அங்குலம் குறைத்தால்
இருநூறு சுற்று கூடும், ஏறத்தாழ.
இலாரியோனிடம் பதினைந்தை இரவல் வாங்கினேன்.
நாலாயிரத்து எழுநூறு.
பாதி ஆட்களோடு என்றால் சரி,
ட்யூபாவோடு இல்லை.

கோப்பகபானா காயலான் கடையில்
மீன்பண்ணைப் படகிலிருந்து கழன்ற ஒன்று.
அலுமினியம். ஓர் இதழின் நுனி
யாரோ கடித்தது போல.
எண் தேய்ந்திருந்தது, பதிமூன்றோ பதினெட்டோ.
‘பதினெட்டு’ என்று விலை ஏற்றினான் கடைக்காரன்.
‘அப்படியானால் எனக்கு வேண்டாம்’ என்றதும்
‘பதிமூன்றுதான்’ என்றான்.
இரண்டு மூட்டை உலர்ந்த உருளைக்கிழங்குக்குப் படிந்தது.

அரம் போட்டு நுனியைச் சமன் செய்து
பதிமூன்று மணல்மூட்டைகளை ஏற்றிப் பார்த்தேன்.
முனகல் இல்லை.
தொண்டையைச் செருமிக்கொண்டு
இஞ்சின் பேசத் தொடங்கியது.
நாலாயிரம். நாலாயிரத்து ஐந்நூறு.
முதுகு நிமிர்த்திப் படகு
நீர்மேல் ஏறி அமர்ந்தபோது
ஐயாயிரத்து நூறு.
காலியாக ஓடும் நாளில் முள் எகிறும்,
கையைத் தளர்த்திக்கொள்வேன்.
தபால் படகுக்காரன் என்னைத் தாண்டிக்
கையசைத்துப் போவான்.
போகட்டும், அவனுக்குத் தபால்தானே பாரம்.

ஆகஸ்டில் ஒராசியோ வந்தான்.
‘என் புரொப்பெல்லர் எங்கே?’
சுவரில் இருந்தது. அதில் முகம் பார்த்து
என் மகள் தலைசீவிக்கொண்டிருந்தாள்.
அவன் முகம் போன போக்கைப் பார்த்து
எதுவும் சொல்லாமல் கழற்றிப் போய் மாட்டினேன்.
இரண்டே பேர் போனோம், பத்தொன்பதோடு.
வழியெல்லாம் முள்ளைப் பார்த்தான்.
விசையைப் பார்த்தான்.
என் கையைச் சந்தேகமாய்ப் பார்த்தான்.

தீவில் இறங்கினால் கற்படிகள்.
ஊரில் தினமும் பத்து கிலோமீட்டர்
ஓடுகிறவன் அவன்.
விறுவிறுவென்று ஏறினான்.
நாற்பதாவது படியில் உட்கார்ந்தான்.
உதடு ஊதா நிறம்.
நெஞ்சு, பிடித்துப் போட்ட மீன் போல.

கொக்கா இலைத் தேநீர் வாங்கிவந்து கொடுத்தேன்.
இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தான்.
கீழே கட்டிக் கிடந்த படகை
ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.
சுருக்கை மூட்டையோடு ஒரு சிறுமி
எங்களைத் தாண்டி மேலேறிப் போனாள்,
சின்னச் சின்ன அடி, நிற்கவே இல்லை.

‘அண்ணி,’ என்றான்
இரண்டு மூச்சுக்கு நடுவே,
‘எனக்கு எத்தனை அங்குலம் மாட்டுவீங்க?’

‘நாளை வரை ஒன்றும் கிடையாது.
தேநீரைக் குடி.’