உள்வளையத்து எழுத்து

அட்டையை நம்பாதீங்க மேடம்,
அட்டை மாறும், என்றார்
ரிச்சி தெரு மாடிக் கடைக்காரர்.
சிடியைத் திருப்பி
டியூப்லைட்டுக்குச் சாய்த்துக் காட்டினார்.
நடு ஓட்டையைச் சுற்றிக் கண்ணாடி வளையம்,
அதில் எறும்பு எழுதினது மாதிரி எண்கள்.
கடைசியில் ஏ இருந்தால் முதல் பதிப்பு.
பி என்றால் பிழை திருத்தி
ஆறு மாசம் கழித்து விட்டது.

அட்டை எங்கே மாறுவது.
சைதாப்பேட்டையில் ஆறு வீட்டுக்குள் வந்த டிசம்பரில்
இரண்டு அட்டையும் ஒரே கூழ்.
ஒன்று என் டியூஷன் காசு,
மவுண்ட் ரோட்டில் பில் போட்டு வாங்கியது.
இன்னொன்று ரூஃபஸ் பெரம்பூரிலிருந்து
கல்யாணத்துக்கு அப்புறம் கொண்டு வந்தது.
ஒரே விளையாட்டுதானே என்று
அவன் சிடியை நானோ
என் சிடியை அவனோ
போட்டுப் பார்த்ததே இல்லை.

ஏழாவது துறையில் ஒரு ஓடக்காரன்.
காசு வாங்கி ஏற்றிக்கொண்டு
நட்டாற்றில் துடுப்பை நிறுத்தி
மறுபடி கேட்பான்.
கேட்கவே மாட்டான், என்பான் ரூஃபஸ்.
முதலில் சிரித்துக்கொண்டுதான் சொன்னான்.
பிறகு சிலிண்டர் பதிந்தேனா,
எல்ஐசி கட்டினேனா,
அவன் அம்மா என்னிடம் அப்படிச் சொன்னாரா,
எல்லாவற்றுக்கும் ஒரே பதில்:
"ஓடக்காரன் கேட்டான்னும்தானே சொன்ன."
எட்டு வருஷம்.
கடைசி இரண்டு வருஷம்
எனக்கே சந்தேகம்.

கடைக்காரர் ஒரு பழைய கம்ப்யூட்டரைத் தட்டி எழுப்பினார்.
திரையின் வலது மூலையில், கீழே,
ஒன்று புள்ளி சைபர்.
துறை. ஓடம். காசு.
நட்டாறு.
நிறுத்தினான்.
கை நீட்டினான்,
கிண்டியில் மீட்டருக்கு மேல் கேட்கிற
அதே முகம்.

இன்னொண்ணையும் போடவா மேடம்?
வேண்டாம் என்றேன்.
வளையத்தில் பி தெரிந்தது.
அதில் கேட்க மாட்டான்.
பாவம், அவனிடம் கேட்டதே இல்லை.

முந்நூறு கேட்டார், இருநூற்றைம்பது கொடுத்தேன்.
கீழே கூரியர் கடையில்
பெரம்பூர் பின்கோடு கை தானாக எழுதியது.
ஏ-யை பைக்குள் வைத்தேன், பி-யை உறைக்குள்.
பிறகு எடுத்து மாற்றினேன்.
உள்ளே என்னக்கா என்றான் பையன்.
சிடி.
மதிப்பு எவ்ளோ போடட்டும்?

மின்விசிறி கிறீச்சிட்டது.
பின்னால் நின்றவர் தொண்டையைச் செருமினார்.

பேனாவை நிறுத்தி
மறுபடி கேட்டான்.