கையை உட்டு

பையர் கேட்டது ஒரே ஒரு பக்கம்,
அவர்கள் ஊரில் விடிவதற்குள்.
எது முதலில், எது பிறகு,
வரிசையாக எழுத வேண்டுமாம்.
பல்லடம் ரோட்டில் ஆடிக் காற்று
ஷட்டரைத் தட்டித் தட்டிப் பார்க்கிறது.
கம்ப்ளையன்ஸ் அறையில் நானும்
ஆடை படிந்த ஒரு டீயும்.

பொங்கியண்ணன் சொல்லச் சொல்ல
ஆஸ்பத்திரியில் வைத்து எழுதி வந்த தாள்:
'ராத்திரி சிப்டு ஏறி,
ரெண்டு ரோல் ஓட்டிப்போட்டு,
மூணாவதுல துணி சுருண்டு,
சூப்பர்வைசரைக் கூப்பிட்டு,
மிஷின் நின்னு,
அவரு கையைக் காட்டி,
நானு கையை உட்டு'

அதற்குள் நர்ஸ் வந்துவிட்டாள்.
ஏழு வினை. ஒன்றும் முற்றவில்லை.
எச்சம் என்று ஒன்பதாம் வகுப்பில் படித்தேன்.
அவர் வலது கையில் எச்சம்
ரெண்டு விரல்.

நம் பேச்சில் இதெல்லாம்
ஒன்றன் தோளை ஒன்று பிடித்துக்கொண்டு
வரிசையாய்ப் போய்விடும்,
யார் யாரைத் தள்ளியது என்று கேளாமல்.
ஆங்கிலம் அப்படி விடாது.
கேட்டில் நிற்கும் செக்யூரிட்டி மாதிரி
ஒவ்வொன்றையும் நிறுத்தி நேரம் கேட்கும்.
'வைல்' என்றால்
ஓடுகிற ரோலருக்குள் கை விட்ட மடையன் அவர்.
'வென்' என்றால்
எல்லாம் ஒரே நொடி; பழி யார் தலையிலும் விழாது.
முதலில் அதைத்தான் போட்டேன்.
பிறகு அழித்தேன்.

ஜி.எம். போனில் வந்தார்.
'அந்த ஹேடைத் தூக்கி
அவன் கைக்குப் பக்கத்துல போடும்மா.
சூப்பர்வைசர் வர்றதுக்கு முன்னாடியே
கை உள்ள போயிருந்துச்சு.
ஒரு வார்த்தைதானே.'

ஒரு வார்த்தைதான். மூன்றே எழுத்து.
அதை வலப்புறம் நகர்த்தினால் ரங்கநாயகத்துக்கு வேலை போகும்,
இடப்புறம் நகர்த்தினால்
பொங்கியண்ணனுக்கு நஷ்டஈடு போகும்.
கர்சர் இமைத்துக்கொண்டே இருந்தது.

பத்தரைக்கு அவர் வீட்டம்மாவைக் கூப்பிட்டேன்.
மயிலாத்தாள் போனை அவர் காதில் வைத்தார்.
'ஏனுங்ணா, கையை உட்டு, அப்பறம்?'
கொஞ்ச நேரம் மூச்சு மட்டும்.
'ஜெனரேட்டர் எடுத்துருச்சுங்கொ.'

முற்றுப் பெற்றது வாக்கியம்.
மிஷின் நின்றதே ஒழிய
யாரும் நிறுத்தியிருக்கவில்லை.
காற்றுக்கு எங்கேயோ கம்பி உரசிக்
கரண்டு போயிருந்தது, அவ்வளவுதான்.
'ரங்கநாயகத்தைக் குத்தஞ் சொல்லாதீங்கொ.
செவப்புப் பட்டனை அமுக்கு அமுக்குனு அமுக்குனாரு.
அது வேலை செய்யலீங்.'

நடந்ததை மட்டும்தான் கோக்க முடியும்
என்று நினைத்திருந்தேன்.
'ஹேட் நாட்' என்று அடித்ததும்
நடக்காமல் போனதெல்லாம் வந்து
அதனதன் இடத்தில் உட்கார்ந்தது.
ஸ்விட்ச் அணைக்கப்பட்டிருக்கவில்லை.
பட்டன் சரி பார்க்கப்பட்டிருக்கவில்லை.

இந்தக் கடைசி வரிக்குச் சான்று தேடி
செக்லிஸ்ட் ஃபைலைத் திறந்தேன்.
ஜூலை ஒன்று. வரிசை எண் பதினான்கு,
எமர்ஜென்சி ஸ்டாப்.
நேரே ஒரு பச்சை டிக்.
கீழே என் கையெழுத்து, அவசரத்தில்
ஒரு கொம்பு விட்டுப்போய்.
அன்றைக்கு ஷிப்மெண்ட் நெருக்கடி.
நாலு மிஷினையும்
இதே நாற்காலியில் இருந்துதான் பார்த்தேன்.

அவர் சிப்டு ஏறுவதற்கு முன்னால்,
துணி சுருள்வதற்கு முன்னால்,
கரண்டு போவதற்கு எத்தனையோ நாள் முன்னால்
நான் டிக் அடித்திருந்தேன்.

நம்மிடமும் இருக்கிறது ஹேட்.
தனியாக நிற்காது,
வினைக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டே வரும்.
அடித்து. இருந்தேன்.
நான் அங்கே இல்லை என்று
இனி எந்த மொழியில் எழுதுவது?

மணி ஒன்றே கால்.
ஜி.எம். பெயர் போனில் இரண்டு முறை எரிந்து அணைந்தது.
பக்கத்தின் அடியில்
இன்னும் நாலு வரிக்கு இடம் இருக்கிறது.
'பிஃபோர்' என்று தொடங்கி
அடுத்த சொல்லாக
'ஐ' போடுகிறேன்.